பதினெட்டுக் கிழமை

ஐப்பசியில் வாயை மூடியது ரொஸ்டி.
ஆரூரன் பட்டாளப் பயிற்சிக்குப் போனது தையில்.
பெடியனைப் பிரிந்த ஏக்கம் என்று வதனா சொல்வது
கணக்குக்குச் சரிவராது.
ஆனாலும் சொல்கிறாள்,
கதவுக்கு வெளியே நின்று.
அந்த அறைக்குள் அவள் கால் வைத்து நாலு வருசம்.

ஓல்ட்டனில் மூடுபனி
ஆற்றோடு வந்து குந்திவிட்டால் இலேசில் எழும்பாது.
இரவெல்லாம் ரெயில் பெட்டிகள் கழுவிவிட்டு
ஆறு மணிக்கு வருகிறேன்.
சப்பாத்தைக் கழற்ற முதல் கண்ணாடிப் பெட்டி.
எலி
வைத்த இடத்திலேயே கிடக்கிறது.

செய்முறை எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனான்,
ஜெர்மன் பாதி, தன் தமிழ் பாதி.
சூடான பக்கம் முப்பத்திரண்டு,
குளிர்ந்த பக்கம் இருபத்தாறு.
எலியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வை
(மூன்று சுழி போடவேண்டிய இடத்தில்
இரண்டு சுழி).
குளிர்காலத்தில் சாப்பிடாது, பயம் வேண்டாம்.
வற்புறுத்தக் கூடாது.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

வற்புறுத்தாமல் ஒரு சீவனுக்கு எப்படிச் சாப்பாடு போடுவது?
போதும் என்று தட்டை மறைத்த கையின்
விரலிடுக்கால் சொதி ஊற்றுகிற ஆட்கள் நாங்கள்.

உருளைக்கிழங்கு வறுவலின் பெயரை வைத்தவன் அவன்தான்.
மஞ்சளும் கருகலும் அப்படியே.
படம் எடுக்காது. சீறாது.
பயந்தால் பந்தாகச் சுருண்டு
தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும்.
பாம்போடு பழக எனக்குத் தெரிந்தவை இரண்டு வழி:
கும்பிடுவது, அடிப்பது.
நாற்பத்தொன்பது வயதில்
மூன்றாவதற்குத் தண்ணீர்க் கிண்ணம் கழுவுகிறேன்.

எலிகள் உறைபெட்டியில், பாரை மீனுக்குக் கீழே.
குழம்புக்குள் போய்விடக் கூடாதென்று
அந்தப் பையில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறாள்.

ஞாயிறுதோறும் மா அளக்கிற தராசில் வாளியை வைத்து
வாளிக்குள் அதை வைத்து நிறுக்கிறேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
ஆயிரத்து நானூற்று ஒன்பது.
மீண்டும் ஒன்பது.
ஆயிரத்து நானூற்று ஒன்று.
நூறு நாளுக்கு மேல் பட்டினி கிடந்து
முத்திரை ஒட்டிய ஒரு கடிதத்தின் எடை
குறைந்திருக்கிறது.
குளியலறைத் தராசில் நானும் ஏறினேன்.
மூன்று கிலோ.

படம் அனுப்பியிருந்தான்:
பச்சை உடுப்பு, தோளில் துவக்கு, சிரிப்பு.
உடுப்பு வேறு நாட்டுடையது, எனக்குத் தெரியும்.
முதுகுத்தண்டுக்குத் தெரியவில்லை.

ஆகவே போனில் நான் பாம்பைப் பற்றியே கேட்டேன்.
அவனும் பாம்பைப் பற்றியே சொன்னான்.
"தண்ணி குடிக்குதா?"
"குடிக்குது."
"அப்ப சரி அப்பா. பயப்படாதேங்கோ."
எதற்கு என்று அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

ஏழாவது எலியையும் தாளில் சுற்றி எறிந்த கிழமை
சும்மா அதைக் கையில் எடுத்தேன்.
மணிக்கட்டைச் சுற்றி இறுக்காமல் பிடித்துக்கொண்டது,
பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல.
நாக்கு இரண்டுதரம் வந்து போனது.
இரவு முழுக்கத் தேய்த்த சவர்க்கார மணம்
அதற்கு என்னவாகத் தெரிந்ததோ.

பங்குனியில் ஒரு விடியல்,
எலியைக் காணவில்லை.
மரப்பட்டைக்குக் கீழே, கிண்ணத்துக்குப் பின்னால்
மூன்று தரம் தேடினேன், ஒளித்துவைத்திருக்கும் என்று.
பிறகுதான் அதன் உடம்பைப் பார்த்தேன்.
நடுவில் ஒரு புடைப்பு,
காலுறைக்குள் எலுமிச்சம்பழம் போட்டதுபோல.

இரண்டு நாள் தொடக்கூடாது என்று தாளில் இருக்கிறது.
கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.
பெடியன் வர இன்னும் எட்டுக் கிழமை.
'சாப்பிட்டுது' என்று எழுதி அனுப்பினேன்.
அங்கே அவர்களை எழுப்புகிற நேரம்.
"உண்மையா????" என்று வந்தது, தமிழில்,
மூன்று சுழியும் சரியாக.

"திண்டிட்டுதே?"
வெளியிலிருந்து வதனா.
நான் பதில் சொல்லவில்லை, கொஞ்சம் விலகி நின்றேன்.
ஒரு காலை அறைக்குள் வைத்தாள்,
மற்றக் கால் நடையில்.
கழுத்தை நீட்டி, கண்ணாடிக்குள்,
அந்தப் புடைப்பையும் சேர்த்துத்தான் பார்த்தாள்.

"மெலிஞ்சு போச்சு" என்றாள்.