வெற்றுச் சோதனை

முதல் வருஷத்திலேயே
உடைசல் நோட்டில் என் பெயர் இரண்டு பக்கம் ஓடியது.
பியூரெட்டின் மூக்கு. ஒரு வட்டக் குடுவை.
தெர்மாமீட்டர் உடைந்து
பாதரசம் மேசை விரிசலுக்குள் ஓடி ஒளிந்ததும்
நானும் சகாயரெஜினாவும்
போஸ்ட்கார்டால் அதைத் துரத்திக்கொண்டிருந்தோம்
மணி அடிக்கும் வரை.

பிப்பெட்டை உறிஞ்சும்போது
கோவிந்தராசு ஜன்னலில் யாரையோ பார்த்தான்.
காஸ்டிக் சோடா நாக்கில் ஏறி
மூன்று நாள் ரசம் சோறுகூட இறங்கவில்லை.
யாரைப் பார்த்தான் என்பதை மட்டும்
அவன் கடைசிவரை துப்பவில்லை.

கிப் உபகரணத்தின் திருகை மூட மறந்த வெள்ளிக்கிழமை
அழுகிய முட்டை நாற்றம் மாடியேறித்
தமிழ்த்துறை வரை போனது.
வெண்பா நடத்திக்கொண்டிருந்தவர்
ஈற்றடி வருமுன்னே வெளியே வந்துவிட்டார்.

வெள்ளைக் கோட்டில் அமிலம் தின்ற ஓட்டைகளை எண்ணித்தான்
எங்களுக்குள் சீனியாரிட்டி.
எனக்குப் பதினொன்று.

இதெல்லாம் கை செய்த தப்பு.
மார்ச் பிராக்டிகலில் நடந்தது வேறு.

எனக்கு வந்த உப்பு வெள்ளைப் பொடி.
கரைத்தேன். நைட்ரிக் அமிலம் நாலு சொட்டு,
சில்வர் நைட்ரேட் இரண்டு.
உறைமோர் விட்ட பால்போலத் திரிந்தது.
குளோரைடு.
அடிக்கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தால்
ரெஜினாவுக்கும் குளோரைடு.
நீல உப்பு வாங்கிய தையல்நாயகிக்கும் குளோரைடு.
கோவிந்தராசு பார்த்து எழுதுகிறவன்,
அவனை விட்டுவிடலாம்.
அவனோடு சேர்த்தால் இருபத்தெட்டு.

மன்னார்குடியிலிருந்து வந்த வெளித்தேர்வர்
தாள்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
காப்பி என்றுதான் முதலில் நினைத்திருப்பார்.
பிறகு சுத்தமான குழாய் ஒன்றை எடுத்து
எங்கள் வாலைவடிநீர் கேனிலிருந்து பாதி பிடித்தார்.
உப்பு ஒன்றும் போடவில்லை.
அமிலம் விட்டார். சில்வர் நைட்ரேட் விட்டார்.
வெறும் தண்ணீர் வெளுத்தது.

வாசலில் நின்ற அட்டெண்டர் வேதரத்தினம்
அழுக்குத் துணியைத் தோள் மாற்றிப் போட்டார்.
'பிளான்ட் ஆடியிலேருந்து ரிப்பேரு சார்.
போர் தண்ணிதான் புடிச்சி வச்சேன்.
எதுவா இருந்தா என்ன, தண்ணி தண்ணிதானே.'

கடல் எங்கள் லேபிலிருந்து ஒன்பது கல்.
காவிரி வந்தால் கடைசியாக வரும்,
வராவிட்டால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

'இதையா குடிக்கிறீங்க?'
'இல்ல சார், கேன் வாங்குறோம்.'
கையிலிருந்த டீயை அவர் கீழே வைத்தார்.
அது எந்தத் தண்ணீர் என்று
நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
'உப்புக்குத் தப்பு, ஊருக்குச் சரி' என்று முனகியபடி
எல்லாருக்கும் பாஸ் போட்டார்.

நான் ஒரு காரியம் செய்தேன். திருட்டுதான்.
கண்மருந்துப் புட்டியில் பத்துச் சொட்டு
சில்வர் நைட்ரேட். மூடி சரியில்லை.
பஸ் ஜன்னல் வெயிலில்
திருத்துறைப்பூண்டி தாண்டுவதற்குள்
இரண்டு விரலும் துப்பட்டா நுனியும் கறுத்துவிட்டன.
'எலெக்‌ஷனா இன்னிக்கு?' என்றார் அப்பா.

மோட்டார் கொட்டகையில் வைத்துப் பார்த்தேன்.
எங்கள் போர் லேசான கலங்கல்.
கிழக்கே, சித்தப்பாவின் போர்,
தயிர்.

அப்பா குழாயை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார்.
'இதக் கண்டுபுடிக்கவா மூணு வருசம்?
நாக்குல வச்சா தெரியாது?'
தெரியும்.
ஆனால் நாக்கு
ரெக்கார்டில் கையெழுத்து வாங்கித் தராது.

அவர் ஒன்றும் பேசாமல்
சித்தப்பா வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனைக் குழாயைக் கழுவ எடுத்தேன்.
எதைக் கொண்டு கழுவுவது?
கறுத்த விரல்களுக்கிடையில் அதைப் பிடித்தபடி
காய்ந்த வாய்க்கால் மேட்டில்
கொஞ்ச நேரம் நின்றேன்.