டிக்கெட் எடுக்காதவன்

ஆறு வருஷம் என் இடது தோளில்
ஒருத்தன் ஏறி உட்கார்ந்திருந்தான்.
அஸ்தம்பட்டியில் ஏறினானோ கோரிமேட்டிலோ,
எந்த டிரிப் என்று தெரியாது.
டிக்கெட் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் சுண்டைக்காய்.
முதுகு தேய்க்கும்போது சுகுணாவின் விரலுக்குத்தான் தட்டுப்பட்டது.
பூச்சி கடித்திருக்கும் என்றாள்.
பிறகு கொட்டைப்பாக்கு. பிறகு எலுமிச்சை.
பக்கத்து வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கொடுத்தார்கள்.
பூசினேன். சட்டைதான் கறையானது.
அவன் அசையவில்லை.
இல்லை, அசைந்தான்:
ஓரத்தில் விரல் வைத்து அழுத்தினால்
பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிறவன்போல்
தோலுக்கடியில் கொஞ்சம் நழுவி
விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வருவான்.

வலி கிடையாது.
பணப்பையின் வார் மட்டும்
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
அவன்மேல் ஏறி இறங்கும்.
பையை வலது தோளுக்கு மாற்றினேன்.
கை குழம்பி ஒரு வாரம் சில்லறையெல்லாம் தப்பு.
ஒண்டிக்கடையில் இறங்கிய பலாப்பழக்காரி
என்னைத் திருடன் என்றாள்.
பஸ் முழுக்கக் கேட்டது.

டிரைவர் சூசைராஜுக்கும் ஒன்று,
கிளட்ச் மிதிக்கும் தொடையில், ஆழத்தில்.
"உன்னுது மாதிரிதான்யா" என்பார்.
ஆமாம் என்பேன்.
அடிவாரத்து டீக்கடையில் ஒருநாள்
என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்.
என்னுடையது பழுத்த கொய்யா.
இது கல். நகரவில்லை.
தையில் இல்லாதது,
சித்திரைக்குள் காக்கி பேன்ட்டைப்
பிரித்துத் தைக்கும் அளவுக்கு வந்திருந்தது.
டீயில் சர்க்கரை அதிகம் என்றேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வைகாசியில்தான் பெரியாஸ்பத்திரி.
என் தோளுக்காக என்று பொய் சொல்லி
அவரைத் துணைக்குக் கூட்டிப்போனேன்.
டாக்டர் ஷமீமா, சின்ன வயசு,
ஒற்றை விரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார்.
"கொழுப்புக் கட்டி. சாது.
விட்டுவைத்தாலும் ஒன்றும் செய்யாது,
வார் உரசுதுன்னா எடுத்துடலாம்."
அப்புறம் நான் சூசைராஜைக் காட்டினேன்.
எத்தனை நாளா இருக்கு என்றதற்கு
அவர் "ரொம்ப வருஷமா" என்றார்.
நான் "தையிலிருந்து" என்றேன்.
வழிமாறி ஏறியவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.
டாக்டரின் விரல் அவர் தொடையில்
என் தோளில் இருந்ததைவிட நீண்ட நேரம் இருந்தது.
ஸ்கேன் எழுதினார்.
ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்காமல்
கத்தி வைக்கக் கூடாது என்றும் எழுதினார்.

எனக்கு மரத்துப்போக ஊசி, அரை மணி நேரம்,
மேலே மின்விசிறி டக் டக் என்றது.
கிண்ணத்தில் காட்டினார்கள்:
மஞ்சளாய், பளபளவென்று,
உரித்துப்போட்ட பெரிய ஆரஞ்சுச் சுளை.
இதற்கா இத்தனை வருஷம்.
புட்டியில் என் பெயர் ஒட்டி, வயசு நாற்பத்தொன்பது,
பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.
பத்து நாள் தூங்கினேன் என்று சுகுணா சொல்கிறாள்.
கவுன்ட்டரில் ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார்கள்:
புற்று இல்லை.
வாழ்க்கையில் டிக்கெட் கிழித்தே பழகியவன்
அதை மடித்து எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.
சூசைராஜ் சீட்டு அங்கே இல்லை.
அதை வேறு ஜன்னலில் கேட்கச் சொன்னார்கள்.

பை இப்போது இடது தோளில்.
வலது முன்கையில் புதிதாய் ஒரு சுண்டைக்காய்.
எடுக்க வேண்டாம், கண் வைத்திருங்கள்,
வேகமாய் வளர்ந்தால், கெட்டிப்பட்டால்,
வலித்தால் வாங்க என்றார் டாக்டர்.
சம்பளம் வரும் தேதியில் அழுத்திப் பார்க்கிறேன்.
நழுவுகிறது.
சரி, உட்காரு.

புது டிரைவர் வளைவுகளில் ஹாரன் அதிகம் அடிக்கிறான்.
நேற்று சென்னையிலிருந்து சூசைராஜ் பேசினார்.
மூன்றாவது மருந்து ஏறியிருக்கிறதாம், வாய் கசக்கிறதாம்.
கோபமெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.
"பதினாலாம் வளைவுச் சுவரில்
அந்த ஒத்தைக்கை குரங்கு இன்னும் உட்காருதா?"
உட்காருது என்றேன்.
காலையிலிருந்து மலை முழுக்கப் பனி,
பானெட்டுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை.