ட்ரிப் ஷீட்

முதல் தடவை ராகிஹள்ளி தாண்டி
மூங்கில் காட்டில் இறக்கிவிட்டோம்.
பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது.
அடுத்த தடவை காவிரிக் கரை வரை போனோம்,
டீசல் என் கைக்காசு, பில் இன்னும் பாஸாகவில்லை.
நாற்பத்து மூன்று நாள்.
மூன்றாவது இது: தரோஜி சரணாலயம்,
முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.
"இனி எப்படி வரும், பார்த்துவிடலாம்" என்கிறார்
அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் பட்நாயக்,
கரடியோடு பந்தயம் கட்டியவர் மாதிரி.

பன்னேர்கட்டா சாலையில் அவர்களுக்குப் பதினெட்டு மாடி.
பேர் ஹனிகோம்ப் மெடோஸ்.
தேன்கூடு நிஜமாகவே ஒன்று இருந்தது,
ஒன்பதாவது மாடி பால்கனிக்கு அடியில்.
புகை போட்டு எடுத்துவிட்டார்கள்.
புற்றும் இருந்தது. கிளப் ஹவுஸ் அதன் மேல்தான்.
கரையானுக்கு மருந்தடிக்க
மூன்று வருட ஒப்பந்தம்.
மிச்சம், கேட்டோரத்துப் பிள்ளையார் கோயிலில்
அகலில் கிடந்த எண்ணெய்.

சங்கடஹர சதுர்த்தி அன்று
பழமொழிக்குக் கால் முளைத்து
பூஜைக்குள்ளேயே வந்துவிட்டது.
குருக்கள் ஆரத்தித் தட்டோடு
ஜெனரேட்டர் ரூமில் தாழ் போட்டுக்கொண்டார்.
அது, அணைந்திருந்த நாற்பத்தோரு அகலையும்
இடமிருந்து வலமாக நக்கிவிட்டு
ஒன்றைக்கூட உடைக்காமல் போயிற்று.
செயலாளரின் புகாரில் மட்டும்
'சேதம்' என்று ஒரு பாரா.

டாக்டர் நஸீமா ஜீப்பில் பின்னால் வருகிறார்.
வாட்சர் சித்தப்பாஜி என் பக்கத்தில்,
மடியில் டார்ச்சும் ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழமும்.
ட்ரிப் ஷீட்டை அவன்தான் நிரப்புகிறான்.
ஏற்றிய இடம். இறக்கும் இடம். சரக்கின் எடை: நூற்றுப் பன்னிரண்டு.
காரணம்: தொல்லை.
யாருக்கு என்று எழுத அதில் கட்டம் இல்லை,
"விடு லூர்தண்ணா, ரோட்டைப் பார்" என்றான்.

தும்கூர் ரோடு டோலில் சென்சார் வேலை செய்யவில்லை.
என்ன லோடு என்று கேட்டான் பையன்.
"கரடி" என்றேன்.
அந்தச் சொல் கன்னடத்திலும் கரடி, தமிழிலும் கரடி.
இரண்டிலும் அவன் நம்பவில்லை.
நான் கரடி விடுகிறேனாம்.
அப்போது உள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது,
பழைய ஹார்மோனியத்தை யாரோ
மெத்தைமேல் வைத்து அமுக்கினதுபோல.
பையன் தடுப்பை அவனே கையால் தூக்கினான்.

சித்ரதுர்காவுக்குப் பிறகு யாரும் பேசவில்லை.
வேகத்தடை வந்தால் நான் மெதுவாக ஏற்றினேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
பாட்டில் ஏற்றிப்போன நாளில்கூட
அத்தனை மெதுவாக ஏற்றியதில்லை.

விடியும்போது பாறைகள்.
மாலையில் அதன் மேல் வெல்லப்பாகு தடவுவார்களாம்,
கரடிகள் இறங்கி வருமாம்.
இங்கேயும் யாரோ வைத்துத்தான் தின்ன வேண்டும் போல.
கூண்டுக் கதவைத் தூக்கி நாற்பது நிமிஷம்
அது வெளியே வரவில்லை.
வந்ததும் வெல்லத்தின் பக்கம் போகவில்லை.
மூக்கைத் தூக்கித் தெற்கைப் பார்த்தது.
மார்பில் வெள்ளை 'ப' மாதிரி ஒரு வளைவு,
ஒரு கை மட்டும் குட்டை.
அந்தத் திசையில்தான் என் வீடும், லிங்கராஜபுரத்தில்.
நாங்கள் வண்டியைத் திருப்பினோம்.
ஹிரியூர் வரை
பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பதினோராம் நாள் பட்நாயக்கின் போன்.
கிளப் ஹவுஸ் சுவரில் நகக்கீறல், அகல்கள் காலி.
"உங்கள் டிபார்ட்மெண்ட் என்னதான் செய்கிறது?"
நான் வாடகை வண்டிக்காரன், சார்.

கேமராவில் பார்த்தோம்.
டாக்டர் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார்.
மார்பு வளைவில் இரண்டு கையும் ஒரே நீளம்.
உருவமும் சிறிசு.
"அது இல்லை" என்றார்.
இன்னொன்று.
காலியான வழியை எப்படித் தெரிந்துகொண்டதோ.
அதே மதில், அதே சந்து,
இடமிருந்து வலமாகவே ஆரம்பித்திருக்கிறது.

புதன்கிழமை ராத்திரி ட்ரிப்.
கூண்டைக் கழுவி வைக்கச் சொன்னார்கள்.
ஃபினாயில் பாட்டிலைத் திறந்து
திரும்ப மூடிவிட்டேன்.
உள்ளே இன்னும் அந்தப் பழைய நாற்றம்,
ஈரக் கம்பளியும் நல்லெண்ணெயும் கலந்து.
ஏறப்போகிறதற்கு
அதாவது தெரிந்ததாக இருக்கட்டும்.