ஒன்பதாம் வகுப்பு

பதிவுத் தபால் வந்த நேரம்
வண்ணார்பேட்டை மாடியில் கரண்ட் இல்லை.
மீரான் போன் வெளிச்சத்தில் வாசித்தான்:
'மடை' என்ற சொல்லை
ஏழு நாளுக்குள் எல்லா இடத்திலிருந்தும் நீக்கவும்.

எல்லா இடத்திலயுமா, என்றாள் ஜெபசெல்வி.
பாளையங்கால்ல மட்டும் நூறு இருக்குமே.

எந்த வயலுக்கு எந்த ராத்திரி தண்ணீர் என்று
முறை சொல்லும் சின்ன மென்பொருள்.
எடுத்துக்கோ, திருத்திக்கோ, அடுத்தவனுக்கும் கொடு என
உரிமம் எழுதித் திறந்துவிட்டு ஆறு வருஷம்.
தண்ணீரை எழுதிக்கொடுத்த அந்தக் காகிதத்தில்
வாய்க்காலின் பேரைப் பற்றி ஒரு வரி இல்லை.

சென்னைக் கம்பெனி ஒன்று அதைக் கூட்டிப்போய்
வணிகக்குறி அலுவலகத்தில்
ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டது.
மென்பொருளெல்லாம் அந்த வகுப்புதானாம்.
தகப்பன் பெயரும் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.
ஆட்சேபிக்க நாலு மாதம் இருந்ததாம்.
அந்த நாலு மாதமும் பிசானம்.
சேரன்மகாதேவியில் ஒரு முறை பிசகியதற்கு
இரவெல்லாம் பிழை தேடிக்கொண்டிருந்தோம்.

கலெக்டர் ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷர்.
திறந்த மூலத்துக்கே முன்னுரிமை என்ற அரசாணையைத்
தேடி எடுத்து, தூசி தட்டிக் காட்டினார்.
ஆனா டெண்டர்ல 'மடை'ன்னு பேரு போட்டாச்சே.
வருசத்துக்கு மூணு கோடி வரவு வேற காட்டணும்.
உங்களுக்கு என்ன வருது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாழைத்தார்
வந்தது, போன மாசம்.

பேர் மாற்ற உட்கார்ந்தோம்.
மடையன்னு வைப்போம், ஒருத்தனும் உரிமை கேட்டு வரமாட்டான்,
என்றான் மீரான்.
அதுவும் ஒத்த பேருன்னு வக்கீல் வருவாரு.
கடைசியில் 'தூம்பு'.
தேடு. மாற்று. நாலாயிரத்துச் சொச்சம் இடம்.
ஒரு விசை தட்டினதும் முடிந்தது.

மூன்றாம் நாள் நொச்சிக்குளத்திலிருந்து போன்.
பேச்சியம்மாள், ஒன்றரை ஏக்கர், கதிர் வாங்குகிற பயிர்.
எல்லாருக்கும் முறை வந்துட்டு.
எங்களுக்கு மட்டும் ஏன் காட்ட மாட்டேங்குது?

பார்த்தால்,
கடைமடை என்றிருந்த இடமெல்லாம்
கடைதூம்பு.
அப்படி ஓர் இடம்
பொதுப்பணித்துறைப் பட்டியலில் இல்லை.
இல்லாத இடத்துக்கு யார் தண்ணீர் விடுவார்?

ஜெபசெல்வி நோட்டீஸை மேசையில் கவிழ்த்து வைத்து
ஒரே ஒரு வரியில்
அந்தச் சொல்லைத் திரும்ப எழுதினாள்.
கெடு முடிய நாலு நாள் இருந்தது.
நொச்சிக்குளத்துக்கு முறை, ராத்திரி பதினொன்றரை.