இமையின் உள்பக்கம்

படகுத்துறையில் பதினோரு வருடம்
சீட்டுக் கிழித்த கை இது.
இப்போது ஆட்டின் கீழிமையை
விரலால் இழுத்துப் பார்க்கிறது.
சிவந்திருந்தால் சரி. மங்கலென்றால் பொறு.
காகிதம்போல் வெளிறியிருந்தால்
உள்ளே புழு குடித்துக்கொண்டிருக்கிறது.

சாரெமா தீவு. ஜூன்.
இரவு பதினொன்றுக்கும் கிளம்ப மனமில்லாத வெளிச்சம்.
ஜூனிப்பர் புதர்களுக்கிடையில் நாற்பத்தோரு பெட்டை,
அறுபத்திரண்டு குட்டி.
எண்ணத் தெரியும். அதற்கு மேல்
ஆட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இயற்கை வளர்ப்பு என்றால்
'இல்லை' சொல்லப் பழகுவது என்றிருந்தேன்.
ரசாயன உரம் இல்லை.
மூட்டைத் தீவனம் இல்லை. மருந்து இல்லை.
பச்சை எழுத்தில் பலகை ஒன்று
வழிமுனையில் மாட்டினோம், நானும் அய்வாரும்.

ஆடுகள் பலகை படிப்பதில்லை.

பனி விழுந்த புல்லில் ஏறுகிறது புழுக்குஞ்சு,
நாலு விரல் உயரம், அதற்கு மேல் ஏறச் சோம்பல்.
ஒட்ட மேயவிட்டால்
புல்லோடு அதையும் நீயே ஊட்டுகிறாய்.
இதைக் கற்க ஒரு கோடை போயிற்று.
வேலியைப் பிடுங்கி நடக் கற்க இன்னொன்று:
மூன்று நாள் இங்கே, பிறகு அங்கே,
திரும்பி வரும்போது புல் முழங்காலைத் தொடவேண்டும்.

பழைய நுண்ணோக்கி ஒன்று வாங்கினேன்.
சமையலறை மேசையில் உப்புநீரில் கரைத்த புழுக்கை.
கண்ணாடிக் கட்டத்துக்குள் மிதந்து வரும் முட்டைகளை எண்ணுகிறேன்.
அய்வார் ரொட்டியையும் வெண்ணெயையும் தூக்கிக்கொண்டு
மாடிப்படியில் போய் உட்கார்ந்தான்.
அந்தக் கரண்டி எது என்று
இன்றுவரை கேட்கிறான்.

நானூற்றுப் பதினேழு.
காதில் மஞ்சள் வில்லை, ஒரு முன்கால் மட்டும் கறுப்பு.
பூண்டு இடித்துக் கொடுத்தேன். நாலு நாள்.
என் வாசனை என் பிடிவாதத்தின் வாசனை.
ஐந்தாம் நாள் கல்வேலியோரம் படுத்திருந்தது,
மற்றவை அதைச் சுற்றி மேய்ந்தன.

ஜூலையில் நானூற்று முப்பத்தெட்டு.
தாடைக்கடியில் நீர்ப்பை தொங்கியது.
யோசிக்கவில்லை. வண்டியை எடுத்தேன்.
மருத்துவர் ஹெய்னோ தூக்கக் கண்ணோடு
எடை கேட்டார், அளந்து தந்தார்.
வாயில் ஊற்றினேன்.
குப்பியை உப்பு டப்பாவில் ஒளித்தேன்,
பலகையைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனேன்.

ஆகஸ்டில் வந்தாள் தணிக்கைக்காரி மெரிகே.
சேற்றுக்குத் தயாரான காலணி, குறைவான பேச்சு.
தீவனச் சீட்டு பார்த்தாள். படுக்கை வைக்கோலை
ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.
பிறகு என் எண்ணிக்கை நோட்டு.
ஜூலை எட்டு: முட்டை மூவாயிரத்து இருநூறு.
ஜூலை இருபத்திரண்டு: ஐம்பது.
"இது எப்படி?"

"தானாகவே," என்றேன்.

அவள் முப்பத்தெட்டைப் பிடித்தாள், இமையை இழுத்தாள்,
நல்ல சிவப்பு.
"தானாக இப்படி இறங்காது."
பேனாவை நீட்டினாள்.
"தேதி, மருந்து, அளவு, யார் சொன்னது.
விற்பதற்கு முன் காத்திருக்கும் நாள்
இருமடங்கு. அவ்வளவுதான்.
சாகவிடு என்று விதி எங்கும் சொல்லவில்லை.
அதைப் படித்தாயா,
பலகையை மட்டும் எழுதினாயா?"

எழுதினேன். கை நடுங்கியது,
சீட்டுக் கிழித்த நாளில் நடுங்காத கை.

"பதினேழுக்கு?" என்றாள்.
இறந்த தேதி இருந்தது.
சிகிச்சை என்ற கட்டம் காலி.
அதை அவள் நிரப்பச் சொல்லவில்லை,
தேநீர் கேட்டாள். குடித்துவிட்டு
மூன்று மணிப் படகுக்குக் கிளம்பினாள்.

இரவு நானே எழுதினேன்: பூண்டு. நாலு நாள்.
கீழே இன்னொரு வரி எழுதி அடித்துவிட்டேன்.

பலகை இன்னும் அங்கேதான்.
மழையில் ஒரு ஆணி கழன்று சற்றே சாய்ந்திருக்கிறது.
அய்வார் சுத்தியல் தேடுகிறான்.
நான் கதவைத் திறக்கிறேன்,
நாற்பத்தோரு பெட்டை, அறுபத்தொரு குட்டி,
ஒவ்வொன்றாக,
கட்டைவிரலால் இமையை இழுத்து.