பாதி முள்

மூன்றடைப்பு தாண்டி
மூன்றாம் கியரில் மிதித்தால்
ஐயாயிரத்துக்கு மேல் ஒன்றுமில்லை.
டர்போவின் விசில் கேட்கும்,
வண்டி வராது.

மேலப்பாளையம் ஷெட்டில் காஜாமைதீன்
பெட்ரோல் டியூபைக் கழற்றித்
தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டான்.
முப்பது நொடி எண்ணினேன்.
லேபில் நாளெல்லாம் சிறுநீர் அளக்கிறவளுக்கு
மில்லிக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
நானூற்று அறுபது.
என் மஞ்சள் ஆக்டேவியா கேட்பது
அதைப்போல் இரண்டு மடங்கு.

"வாங்குறதுதான் வாங்குத, நானூத்தம்பது லிட்டர் பம்ப்பா வாங்கு,
சாகுற வரைக்கும் கவலை இல்ல" என்றான் தம்பி செல்வின்.
அவன் செருப்பும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவான்.
காஜா நிமிரவில்லை:
"எஞ்சின் குடிச்சது போக மிச்சம் பூரா
டேங்குக்குத்தான் திரும்பி வரும்.
போயிப் போயி வந்து பெட்ரோல் சுடும்,
வயரு சுடும். வேணுமா?"
வேண்டாம்.
மணிக்கு இருநூற்று ஐம்பத்தைந்து லிட்டர்.
எத்தனால் கலந்ததையும் தாங்கும் என்று எழுதியிருந்தது.

அதே படம், அதே எழுத்து,
ஒன்று ஆயிரத்து எண்ணூறு,
இன்னொன்று ஒன்பதாயிரத்து நானூறு.
பெரிய விலையைக் கட்டியும் நம்பிக்கை வரவில்லை.
கோயம்புத்தூரில் அசல் வைத்திருந்தவரிடம் எடை கேட்டு
லேப் தராசில் வைத்துப் பார்த்தேன்.
பதினோரு கிராம் கூட இருந்தது.
குறையவில்லையே என்று நிம்மதியானேன்.
இது என்ன நியாயம் என்று
இன்று வரை தெரியவில்லை.

பேட்டரியின் கறுப்பு வயரை உருவிவிட்டுப்
பின் சீட்டைத் தூக்கினோம்.
முந்தைய கொச்சிக்காரரின் நேந்திரம் சிப்ஸ் இரண்டு,
ஒரு கொலுசுத் திருகு,
அதற்கடியில் வட்ட மூடி.
பூட்டு வளையத்தை மரக்கட்டை வைத்துத்தான் தட்டினான்.
இரும்பு பட்டால் பொறி.
வாசலில் நின்ற தூத்துக்குடி லோடுக்காரரைப் பார்த்து,
"யோவ், பீடிய அங்கயே போட்டுட்டு வாரும்,
எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகல!"
எனக்கு ஆகிவிட்டது என்று
நான் சொல்லவில்லை.

நிறைமாதக்காரியை ஆட்டோவிலிருந்து இறக்குவதுபோல்
சாய்த்துச் சாய்த்துத்தான் பம்ப்பை எடுக்க முடியும்.
வருகிற வழியில்
மிதவைக் கம்பி எங்கோ தட்டி
சின்னதாக ஒரு சத்தம்.
எனக்குக் கேட்டது.
அவனுக்கும் கேட்டிருக்கும்.

புதியது உள்ளே போனது, புது வடிகட்டியோடு.
ரப்பர் வளையம் மட்டும் அடங்கவில்லை.
பெட்ரோல் குடித்து உப்பி
அரை அங்குலம் வெளியே நின்றது.
புதிய வளையம் வாங்க மறந்தது நான்தான்.
"வெயில்ல போடு, தானா வத்தும்."
பானெட்டின் மேல் வளையம்,
பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ்.
லுஹர் தொழுதுவிட்டு அவன் திரும்பியபோது
சரியாக உட்கார்ந்தது.

சாவியைப் பாதி திருப்பினேன்.
இரண்டு நொடி,
சீட்டுக்கு அடியில் அடங்கிய குரலில்
ஒரு "ம்".
பழையது கொசு மாதிரி அழும்.
அளவுமானியில் முள் ஏறி
அசையாமல் நின்றது.

நாங்குநேரி டோலில் இருபத்தைந்து நிமிடம்.
வள்ளியூர் தாண்டியதும்
மூன்றாம் கியர்.
ஐயாயிரம்.
ஐயாயிரத்து ஐந்நூறு.
ஆறாயிரத்து எண்ணூறில் நான் சத்தம் போட்டேன்,
என்ன வார்த்தை என்று நினைவில்லை,
அம்மா கேட்கக்கூடாதது.
பணகுடிக்கு முன்னால்
வண்டி ஒரு தடவை விக்கியது.
இன்னொரு தடவை.

பெட்ரோல் முள் பாதியில் நின்றது.
காலையிலும் பாதியில்தான் நின்றது.
ஷெட்டிலிருந்து கிளம்பும்போதும்.
புரிந்த நொடியில் சாவியை அணைத்தேன்.
பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் அதற்குக் குளிர்ச்சி,
வெறும் டேங்கில் ஓடினால்
ஒன்பதாயிரத்து நானூறும் கருகும்.

ஓரமாக உருண்டு நின்றோம்.
ஆனிக் காற்று கதவைத் திறக்க விடவில்லை.
இருபுறமும் காற்றாலைகள்
ஒரு சொட்டு கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.
காஜாவுக்குப் போன் செய்தேன்.
முதலில் "இழுத்துச்சா?" என்றான்.
"இழுத்துச்சு."
கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு,
"மிதவைக் கம்பிதானே?"

செல்வின் பைக்கில் வருகிறான்.
ஐந்து லிட்டர் போதும் என்றதற்கு
இருபது லிட்டர் கேனோடு.