சத்தத்தைக் கூட்டு

செத்த வீடுகளுக்கு நான் முதல் ஆள்.
கொட்டாஞ்சேனையில் எந்த ஒழுங்கையில்
வெள்ளைக் கொடி கட்டினாலும்
பிளாஸ்டிக் கதிரைகள் வந்திறங்கும் முன்
என் தேநீர்ப் பிளாஸ்க் போய்விடும்.
யார் தோளில் எப்போது கைவைப்பது,
எப்போது பேசாமல்
பிஸ்கட் தட்டை நகர்த்துவது,
பெட்டி மூடும்போது தாயின் எந்தப் பக்கம் நிற்பது,
எல்லாம் அத்துப்படி.
‘தெக்லாவுக்குக் கிறிஸ்துவின் மனசு’ என்பார்கள்.
நானும் நம்பியிருந்தேன்.

பிறகு வெட்டுப்புள்ளி வந்தது,
ஒரு வியாழன் இரவு, மழையோடு.

நான்காம் மாடி மெற்றில்டாவின் மகனுக்கு
மருத்துவ பீடம்.
மூன்றாம் மாடியில் என் மகனுக்குத்
தசமத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு துளி குறைவு.
ஒரே மேசை.
மின்வெட்டு நாட்களில் ஒரே மெழுகுதிரி.
மெழுகுதிரி என் காசு
என்றுகூட அன்றிரவு நினைத்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது.

அழுகிறவளின் அருகே உட்கார
ஒரு கதிரை போதும்.
சிரிக்கிறவளின் வாசலுக்குப்
பதினெட்டுப் படி.
நான் ஏறவில்லை.
ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம்
அவள் பக்கம் திரும்பாமல்
பின்வாங்கில் இருந்த கிழவருக்கு
இரண்டு முறை கைகூப்பினேன்.

திங்கள் மாலை
காயப்போட்டதை எடுக்க மொட்டைமாடிக்குப் போகையில்
அவர்கள் கதவைக் கடந்தேன்.
வெளியே பத்துச் சோடிச் செருப்பு.
உள்ளே பாட்டு ஏதுமில்லை.
யாரோ சிரிக்கத் தொடங்க
மெற்றில்டாவின் குரல், அடங்கி:
“மெதுவா. கீழே தெக்லா இருக்கிறா.”

கீழே தெக்லா இருக்கிறா.

ஈரம் உலராத போர்வையோடு மேலே நின்றேன்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
விளக்கெரிய, எதையும் தூக்காமல் நின்றன.
பத்தொன்பது வருடம் வளர்த்துப் பெற்ற சந்தோசத்தின் வாயில்
துணி திணித்து வைத்திருக்கிறாள்,
எனக்காக.
நான் என்ன பிணமா?
கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்தது.
செத்த வீட்டில்தானே குரலைத் தாழ்த்துவோம்.

தட்டினேன்.
அறை முழுதும் என்னையும்
தோளில் கிடந்த போர்வையையும் பார்த்தது.
“ரேடியோ ஏன் செத்துக்கிடக்கு?
சத்தத்தைக் கூட்டு.”
நினைத்ததைவிடக் குரல் கரகரத்தது.

பெடியன் எழுந்தான்,
எதற்கோ மன்னிப்புக் கேட்பவன்போல்.
அவன் தலையில் கைவைத்தேன்.
கை நடுங்கியது. எடுக்கவில்லை.
பட்டர் கேக் வெட்டிக்கொண்டிருந்த மெற்றில்டா
கத்தியோடு அழத் தொடங்கினாள்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.
என் கண்ணைப் பற்றி அவளும் கேட்கவில்லை.
ரேடியோவில் ஏதோ சிங்களப் பைலா,
பிறகு சமையல் எண்ணெய் விளம்பரம்,
அதற்கும் ஒருவன் ஆடினான்.

ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிப்
பதினெட்டுப் படி இறங்கினேன்.
என் மகன் கதவைத் திறந்தபோது
எங்கள் கூரை அதிர்ந்தது.
“என்னம்மா அது?”
“கேக்” என்றேன்.
அவன் கேட்டது சத்தத்தை.

நின்றபடியே பாதியைத் தின்றான்.
பிறகு, ஒன்றும் சொல்லாமல்,
ஒரு நல்ல சேட்டைத் தேடினான்.